நியூ மோல்டனில் ஒரு காற்சட்டை: கொரிய நாகரிகம் தேடிப் போன சனிக்கிழமை

மரண அறிவித்தல்.

அப்டன் பார்க், கிறீன் ஸ்ட்ரீட்டைப் பிறப்பிடமாகவும், மனோர் பார்க்கில் என் அலுமாரியின் கீழ்த்தட்டை வதிவிடமாகவும் கொண்ட காலோடு ஒட்டிப் பிடிக்கிற கறுப்பு ஒட்டு ஜீன்ஸ் அவர்கள், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பகல் வேளையில், நியூ மோல்டன் கொரியச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் நிலத்தில் வைத்துத் திடீரெனக் கிழிபதம் அடைந்தார். அன்னார், பெரியப்பாவின் கடையில் பாதி விலைக்கு வாங்கப்பட்டவரும், தோய்க்கும் இயந்திரத்துக்கு அதிகம் அறிமுகமில்லாதவரும், என் இரு தொடைகளின் பாசமிகு துணைவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கிரியைகள் எதுவும் இல்லை. குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும்.

அழுது முடித்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு மேலே வாசிக்கலாம். லண்டனை விட்டு வெளியே போகாமல் கொரியர்களின் அன்றாட வாழ்க்கையையும் உடுப்பையும் ஒரே நாளில் பார்த்துவர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விமானம் வேண்டாம், விசா வேண்டாம், ஓய்ஸ்டர் பயண அட்டை போதும். ஓய்ஸ்டரில் காசும் வேண்டும். அதை அம்மாவிடம் கேட்கும் முறையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

முதலில், ஏன் போனோம் என்பது. எனக்குப் பதினாறு வயது, பெயர் சாருஜன். என் பெரியப்பா ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கிறீன் ஸ்ட்ரீட்டில் உடுப்புக் கடை போட்டவர். சேலை, பிளவுஸ் துணி, கண்ணைக் குத்துகிற மினுக்கம் வைத்த குர்தா. அவருடைய மகள் தர்சி அக்கா கணக்கியல் படித்தவர், படித்த கையோடு வேலை தேடாமல் "கடையின்ர முன்பாதியை எனக்குத் தாங்கோ, இளம் ஆக்களுக்கு உடுப்பு விக்கிறன்" என்று கேட்டு, அழுது, சண்டை பிடித்து வாங்கியவர். வாங்கி வசந்தகாலம் போய்விட்டது. இளம் ஆக்கள் வந்தார்கள், கண்ணாடியில் படம் எடுத்தார்கள், போனார்கள். அதற்கிடையில் கைத்தொலைபேசி திருத்துகிற ஒருவர் அந்த முன்பாதியை வாடகைக்குக் கேட்டு வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பெரியப்பாவுடன் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியிருந்தார். பெரியப்பா கடைசியாகச் சொன்னது இதுதான்: பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்குள் ஒரு ரகமாவது முழுதாக விற்றுத் தீரவேண்டும். இல்லாவிட்டால் முன்பாதி போன்காரருக்கு, தர்சி அக்கா வங்கி வேலைக்கு.

கடைக்குத் தாய்மாரோடு வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்டது ஒன்று: "கொரியன் ஸ்டைல் இருக்கா?" அக்கா கொரியத் தொலைக்காட்சி நாடகங்களைப் பார்த்து உடுப்பு எடுக்கமாட்டேன் என்றார். நாடகத்தில் மழையில் நனைவதற்கென்றே ஒரு கோட் வைத்திருப்பார்கள், லண்டனில் அப்படி நனைந்தால் காய்ச்சல்தான் வரும் என்பது அவருடைய வாதம். உண்மையான கொரியர்கள் சனிக்கிழமை மரக்கறி வாங்க என்ன போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கவேண்டும். அதற்கு லண்டனில் கொரியர்கள் கூடி வாழ்கிற நியூ மோல்டன்தான் இடம்.

"அக்கா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கொரியா பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. ஆலோசகர் செலவு உங்களுக்கு மிச்சம்" என்றேன்.

"ஆலோசகர் வேண்டாம். பை தூக்க ஓராள் வேணும்" என்றார்.

எந்தப் பெரிய பதவியும் கீழிருந்துதான் தொடங்கும். எப்படியாவது அக்காவுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று நானும் உறுதி எடுத்துக்கொண்டேன்.

காலை ஒன்பதேகாலுக்கு மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறினோம். ஸ்ட்ராட்போர்டில் இறங்கி ஜூபிலி லைனுக்கு மாறவேண்டும். அந்த ரயில் அங்கிருந்துதான் புறப்படுவதால் இருக்க இடம் நிச்சயம் கிடைக்கும். வாட்டர்லூவில் தரைக்கு மேலே வந்து நியூ மோல்டன் நிற்கிற ரயிலைப் பிடித்தால் அரை மணித்தியாலத்துக்குக் குறைவு. கதவிலிருந்து கதவுக்கு எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. நியூ மோல்டன் நான்காம் வலயம். என்னைப் போலப் பதினாறு வயதுக்கான சிப் அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பாதிக் கட்டணம். வைத்திருக்காதவர்கள் என் வயதைக் கண்டு பொறாமைப்படலாம்.

வழியில் சும்மா இருக்க எனக்கு ஏலாது. விம்பிள்டன் தாண்டியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு முக்கியமான விசயம். கொரியாக்காரரின்ர கடைக்குள்ள முதல் தரம் போறவை வாசலில நிண்டு ரெண்டு வரி பாட்டுப் படிக்கவேணும். அதுதான் மரியாதை" என்றேன்.

அக்கா கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லது. நீ வாசலில நிண்டு படி. முடிஞ்சாப் பிறகு நான் வாறன்" என்றார்.

தர்சி அக்காவை ஏமாற்றுவது கஷ்டம். இதை நான் அப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து ஹை ஸ்ட்ரீட்டில் திரும்பியபோது எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். நீளக் கோட் இல்லை. காற்றில் பறக்கிற தலைமயிர் இல்லை. மருந்துக் கடை, பேக்கரி, பழைய சாமான் விற்கிற தருமக் கடை, பஸ் தரிப்பிடம் எல்லாம் எங்கள் ஏரியாவில் இருக்கிற மாதிரியே. வட்டமும் கோடுமாக எழுதிய கொரியப் பெயர்ப் பலகைகள் மட்டும் வேறு. அவற்றுக்குக் கீழே ஒரு வயதான ஐயா வந்தார். மலையேறுகிற சப்பாத்து, மலையேறுகிற ஜாக்கெட், மலையேறுகிற தொப்பி, முதுகில் பை. பைக்குள்ளிருந்து லீக்ஸ் இரண்டு தலை நீட்டிக்கொண்டிருந்தன. போட்டிருந்தது எவரெஸ்டுக்கு, போய் வந்தது மரக்கறிக் கடைக்கு.

அம்மாமார் முகத்தை மூடுகிற அளவுக்கு முன்னுக்கு நீண்ட வெயில் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார்கள். வெயில் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் அன்ரிமார் கறுத்துப்போவோம் என்று குடை பிடிப்பதும் இதற்குத்தான். நாடு வேறு, கவலை ஒன்று. பதினொரு மணி போல ஒரு கூட்டம் சிறுவர்கள் புத்தகப் பையோடு போனார்கள். சனிக்கிழமைக் கொரிய மொழி வகுப்பாம். ஹரோவில் என் மச்சான்மார் தமிழ் வகுப்புக்குப் போகிறபோது வைத்திருக்கிற அதே முகம். அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

வந்த அலுவலுக்கு வருவோம். கோப்பிக் கடை ஒன்றின் வாசலில் வாங்கில் இருந்துகொண்டு போகிற வருகிற இளம் ஆக்களைப் பார்த்தோம். நான் வாயால் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா போனில் குறித்துக்கொண்டிருந்தார். நிறங்கள் மூன்றுதான்: கஞ்சி, சாம்பல், கரி. மூன்றும் அடுப்படியில் இருப்பவை. எழுத்து இல்லை, படம் இல்லை, மினுக்கம் இல்லை. எல்லாம் தொளதொள. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை நம்பிக்கையின் அடிப்படையில் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் ஒன்றிலும் சுருக்கமில்லை. குப்பைப் பையோடு கடைக்குப் பின்னால் போன பெடியன்கூடப் படம் எடுக்கப் போகிறவன் மாதிரித்தான் போனான்.

ஒரு சோடி ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரிச் சப்பாத்தோடு போனார்கள். காதலர்கள் அப்படி உடுப்பது அங்கே வழக்கம். "எங்கட கலியாண வீட்டில மாப்பிள்ளையின்ர சொந்தம் முழுக்க ஒரே துணியில நிக்கும். இவை ரெண்டு பேரோட நிப்பாட்டிப்போட்டினம்" என்றேன்.

"நிறமில்லாமல் எங்கட ஆக்களுக்கு எப்படியடா விக்கிறது?" என்றார் அக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது. "அம்மாமார் காசு குடுக்கோணும். சாம்பல் நிறத்தைக் கண்டால் 'ஆற்ற செத்தவீட்டுக்கு?' எண்டு கேப்பினம்."

அது உண்மை. பதில் இல்லாத நேரத்தில் சாப்பிடப் போகலாம் என்று சொல்வது ஒரு நல்ல ஆலோசகரின் இலட்சணம்.

பின்தெரு ஒன்றில் கதிரை இல்லாத சாப்பாட்டுக் கடை. பதிவான மேசை, நிலத்தில் தட்டையான மெத்தை. வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். இதில்தான் முதல் பாடம். கொரியர்களின் உடுப்பில் சொக்ஸும் ஒரு பகுதி. சப்பாத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழற்றி மாட்டுகிறார்களோ தெரியாது, எல்லாரின் சொக்ஸும் புதிது போல இருந்தது. என்னுடைய இடது சொக்ஸிலிருந்து பெருவிரல் வெளியே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னது.

தண்ணி கொண்டுவந்த ஜுன் என்ற பெடியனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் காட்டி, கரண்டியும் குச்சியும் அதற்குள் இருக்கிறது, மேசையில் வயதில் குறைந்தவர்தான் எடுத்து வைப்பது வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"கேட்டியோ? வை" என்றார் அக்கா. நாட்டுக்கு நாடு எவ்வளவோ வேறுபாடு இருந்தாலும் வயதில் குறைந்தவனின் தலைவிதி எங்கும் ஒன்றுதான்.

கரண்டி வைத்துக்கொண்டே ஜுனைப் பேட்டி கண்டேன். "நீங்கள் எல்லாரும் ஏன் இப்படி நிறமில்லாமல் உடுக்கிறீர்கள்? இதற்குப் பின்னால் ஏதாவது தத்துவம் இருக்கிறதா?"

அவன் குனிந்து தன் சாம்பல் சட்டையை முதன்முதலாகக் காண்பது போலப் பார்த்தான். "தெரியாது. அம்மா வாங்கினது."

"அப்ப இந்த அகலக் காற்சட்டை?"

"நிலத்தில் இருந்து எழும்ப வேண்டும் அல்லவா" என்றான். இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகம். தட்டை வைத்துவிட்டு, குந்தி எழும்பி, அடுத்த மேசைக்குப் போனான்.

அக்கா அவன் எழும்பியதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டு, "நிலத்தில இருக்கிறதுக்கு எங்களுக்கு ஆர் பாடம் எடுக்கிறது? முருகன் கோயில் அன்னதானத்தில சப்பாணி கட்டி இருந்து வளந்த உடம்பு இது. எங்களுக்கு அது கைவந்த கலை. கால்வந்த கலை" என்று சொல்லி, அதுவரை முழங்காலில் நின்ற நான், இரண்டு காலையும் மடக்கி ஒரே மூச்சில் இருந்தேன்.

சர்ர்.

"என்னடா சத்தம்?"

"அப்பளம்."

"இஞ்ச அப்பளம் போடுறேல்லை."

அன்னதானத்துக்கு நான் வேட்டியோடு போகிறவன் என்பதை ஒட்டு ஜீன்ஸ் அந்த இடத்தில் எனக்கு நினைவுபடுத்தியது. அதற்குப் பிறகு சாப்பாடு முடியும்வரை நான் அசையவில்லை. சூப், சோறு, கிம்சி, பொரித்த கோழி எல்லாவற்றையும் ஒரு சிலையாக இருந்து உண்டேன். அக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, ஜுன் ஓடிவந்து தண்ணி கொடுக்கவேண்டி வந்தது. கடைசியில் அக்காவின் கார்டிகனை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கமாக நண்டு மாதிரி வெளியேறினேன்.

ஹை ஸ்ட்ரீட்டில் முதலில் கண்ட உடுப்புக் கடைக்குள் பாய்ந்தோம். ஒடுங்கிய கடை. ஒரு பக்கம் சொக்ஸ், செருப்பு, மறுபக்கம் உடுப்பு. ஐம்பது வயது மதிக்கத்தக்க கொரிய அம்மா ஒருவர் கல்லாவில் இருந்தார். அகலமாக, கால் மடக்க இடம் உள்ளதாக, உடனே வேண்டும். முன் றாக்கில் கிடந்த ஒன்றை இழுத்தேன். கடும் நீலத்தில் பொடிப் பூக்கள், இடுப்பிலும் கணுக்காலிலும் இலாஸ்டிக், காற்றளவே பாரம், பன்னிரண்டு பவுண். மாற்றுகிற அறையிலிருந்து வெளியே வந்தபோது கடைக்கார அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொரியப் பெண்கள் சிரிக்கும்போது அப்படிச் செய்வதை நாடகத்தில் கண்டிருக்கிறேன். என் அழகைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"நிறமில்லை எண்டு கவலைப்பட்டீங்களே அக்கா, இஞ்ச பாருங்கோ, பூ. இதுதான் இந்த வருசத்து ஸ்டைல். பெடியள் அள்ளிக்கொண்டு போவாங்கள்."

"குந்து பாப்பம்" என்றார் அக்கா.

குந்தினேன்.

"எழும்பு. காலைத் தூக்கு. அந்தப் படியில ஏறு." ஏறினேன். இறங்கினேன். துணியின் ஓரத்தைப் பிரட்டித் தையலைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய்க் கடைக்கார அம்மாவோடு நெடுநேரம் கதைத்தார். நான் கண்ணாடியோடு கதைத்தேன். வெளிக்கிடும்போது அந்த அம்மா ஒரு சோடி சொக்ஸை எடுத்து "சர்வீஸ்" என்று நீட்டினார். கொரியக் கடைகளில் சும்மா தருகிற பொருளுக்கு அதுதான் பெயர். என் பெருவிரலைக் கண்டிருக்கிறார் போல. நான் வலது கையை நீட்ட, அக்கா என் முழங்கையில் இடித்தார். அங்கே கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையாலும். இரண்டு கையாலும் வாங்கி, தலையும் குனிந்தேன்.

அதற்குப் பிறகு நியூ மோல்டன் எனக்குச் சொந்தமானது. நடந்தால் காற்று உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது. எதிரே வந்த ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பெட்டைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் ஒரு நட்சத்திரச் சிரிப்பை அனுப்பிவைத்தேன். சீவிய பால் ஐஸில் இனிப்புச் சிவப்புப் பயறு போட்டுத் தருகிற பிங்சு என்ற ஒன்று உண்டு, ஒரு கோப்பை இரண்டு பேருக்குப் போதும், பதினொன்றரை பவுண். அந்தக் கடையில் நான் கதிரையில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டேன். தேவையில்லை, ஆனால் முடிந்தது.

நான்கு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தோம். அக்கா தண்ணிப் போத்தல் வாங்க வெளியே போக, நான் மேடையில் தனியாக நின்றேன். பக்கத்து வாங்கில் ஒரு கொரிய அம்மம்மா. சுருட்டிய தலைமயிர், வெயில் தொப்பி, காலடியில் வெங்காயத்தாள் கட்டு. அவர் போட்டிருந்தது கடும் நீலத்தில் பொடிப் பூக்கள். இடுப்பிலும் கணுக்காலிலும் இலாஸ்டிக்.

அவர் என் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு இனிப்பை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் தந்து, ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நாடகங்களில் கதாநாயகி புதுச் சட்டையோடு படியிறங்கி வரும்போது கதாநாயகன் சொல்வது: வடிவு.

கடைக்கார அம்மாவும் பெட்டைகளும் எதற்குச் சிரித்தார்கள் என்பது அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. இனிப்பும் கையுமாக நான் செய்த முதல் காரியம், சொக்லேட் விற்கிற இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றது. என்னையும் அம்மம்மாவையும் அக்கா ஒரே பார்வையில் காணக்கூடாது. ஆலோசகரின் மானம் அதில் இருந்தது. நல்லகாலம், ரயில் வந்ததும் அவர் வேறு பெட்டியில் ஏறினார்.

வாட்டர்லூவுக்கு வருமுன்னரே அக்கா பெரியப்பாவுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் குறைத்து இரண்டு பேருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்ன, கொரியாவைக் கண்டுபிடிச்சிட்டியளோ?" என்றார் பெரியப்பா.

"காற்சட்டை எடுக்கப்போறன் அப்பா. அகலமானது, பூப் போட்டது. இஞ்ச ஒரு கடைக்கார அம்மா மொத்தமாத் தாறா. ஐம்பது."

"ஐம்பதோ? ஆற்ற காசில?"

"என்ர காசில. படிக்கேக்க வேலை செய்து சேத்தது. முழுக்கப் போகுது."

பெரியப்பா கடை லாச்சியை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பிள்ளை, ஜெர்மனியில நான் ஒரு வின்டர் முழுக்க விக்காத ஜாக்கெட்டுகளோட இருந்தனான். சொல்லிப்போட்டன். இதுவும் கிடந்தால், போன் திருத்துறவர் மேசையோட வாறார். அதுக்குப் பிறகு அழக்கூடாது."

"அழமாட்டன்" என்றார் அக்கா. கை மட்டும் போத்தல் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தது.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐம்பதும் கிழவியரின் காற்சட்டை, அக்காவின் சேமிப்பு முழுக்க அதில். ஆனால் நான் போனுக்குக் கிட்டப் போய், "பெரியப்பா, நான் கேரண்டி. இளம் பெடியள் வரிசையில நிப்பாங்கள்" என்றேன்.

"கேரண்டியோ? நீ இண்டைக்கு வைச்சது கரண்டி மட்டும்தான்" என்றார் அக்கா.

காற்சட்டைகள் வந்தன. அக்கா கண்ணாடி ஜன்னலில் ஒன்றைத்தான் தொங்கவிட்டார். மற்றவற்றை என்ன காரணமோ உள்ளே பிளவுஸ் துணிக்குப் பக்கத்தில் அடுக்கினார். இளைஞர் பகுதியில் வைக்கச் சொல்லி நான் வாதாடினேன், எடுபடவில்லை. முதல் வாரம் என் வகுப்புப் பெடியன் ஒருவன் போட்டுப் பார்த்தான், மற்றவன் வீடியோ எடுத்தான், இரண்டு பேரும் போனார்கள். போன்காரர் வந்து அளவு நாடாவால் முன்பாதியை அளந்துவிட்டுப் போனார். அந்த வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நம்பாதவர்கள் அம்மாவைக் கேட்கலாம்.

இரண்டாவது வாரம் பிளவுஸ் துணி வாங்க வந்த அன்ரி ஒருவர், முதியோர் கெயர் ஹோமில் வேலை செய்கிறவர், பக்கத்தில் கிடந்ததை எடுத்துத் தடவினார். "தங்கச்சி, இதோட குந்தி எழும்பலாமோ?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் குந்தினேன், எழும்பினேன். அன்ரி ஒன்று வாங்கினார். இரண்டு நாளில் ஷிப்டில் நிற்கிற வேறு மூன்று பேரோடு வந்தார். பிறகு கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிறவர்கள் வந்தார்கள். பிறகு முழங்கால் நோவுக்காரர், தோட்டக்காரர், வீட்டில் போட என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போகிறவர்கள். விடுமுறை தொடங்க நான்கு நாள் இருக்கையில் ஜன்னலில் தொங்கியதும் இறங்கியது. பெரியப்பா போன்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பக்கத்து வீதியில் ஒரு இடம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அக்கா அன்றைக்கே அடுத்த நூறுக்கு ஓடர் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை பதினொரு மணிக்குள் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகளில் நிற்க இடமில்லை. ஓட்டையில்லாத சொக்ஸ் போடுங்கள், கழற்ற இலகுவான சப்பாத்துப் போடுங்கள், ஒட்டு ஜீன்ஸ் போடாதீர்கள். சின்னத் தட்டுகளில் வருகிற கறிகளுக்குக் காசில்லை, முடிந்துபோனால் திரும்பக் கேட்கலாம். தெரியாமல் நான் ஒரு முள்ளங்கித் துண்டை நான்காகப் பிரித்துச் சாப்பிட்டேன். உடுப்பைப் பற்றித் தத்துவம் கேட்காதீர்கள். அந்த ஊரில் உடுப்பு, நாடகத்தைவிட நிலத்துக்குத்தான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறது. இருக்க, எழும்ப, கழற்ற, மாட்ட எது வசதியோ அதுதான் நாகரிகம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்து ஒரு கடையைக் காப்பாற்றியவன் நான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என்று எழுதி முடித்துவிட்டுத்தான் போன கிழமை கடைக்குப் போனேன். அடக்கம் கூடிப்போய், அந்த இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற விசயம் நெஞ்சில் இனிப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா புதுப் பெட்டியை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது. அந்தக் காற்சட்டை இளம் பெடியள் போடுறதில்லை. கொரியாவில கிழவியள் போடுறது. ஸ்டேஷனில ஓராளைக் கண்டனான்."

"ஓம். நீ மெஷினுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டதை நானும் கண்டனான்" என்றார், மடிப்பதை நிறுத்தாமல்.

"தெரியுமோ?"

"கடையிலேயே தெரியும். ஆர் வாங்குறவை எண்டு அந்த அம்மாவைக் கேட்டனான். வயசு போன பொம்பிளையள், தோட்டத்துக்கும் சேர்ச் குசினிக்கும் எண்டவ. எனக்கு உடன எங்கட அன்ரிமார்தான் ஞாபகம் வந்தவை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பாய். ஓராள் அதைப் போட்டு, இருந்து, எழும்பி, நாள் முழுக்கத் திரிஞ்சு காட்டோணும். இலாஸ்டிக் இளகுதோ, தையல் விடுதோ எண்டு பாக்கோணும். நான் போட எனக்கு வெக்கமா இருந்துது."

"பெரியப்பாவுக்கு நான் குடுத்த கேரண்டி?"

"போனை வைச்ச உடன மெசேஜ் போட்டனான். அன்ரிமாருக்கு எண்டு. அதுக்குப் பிறகுதான் அவர் ஓம் எண்டவர்."

ஆகவே மேலே நான் ஆலோசகர் என்று எழுதிய இடங்களில் எல்லாம், கடை வாசலில் உடுப்பு மாட்டி வைக்கிற பொம்மை என்று மாற்றி வாசிக்கவும். பொம்மைக்கு வாய் இருக்கக்கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக இன்னொன்று. அந்தக் காற்சட்டையைத் திரும்பப் போடுவதில்லை என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். சபதம் இரண்டு நாள் நின்றது. இப்போது என்னுடையது தோட்டத்துக் கொடியில் காய்கிறது. அடுத்த நூறில் ஒன்று வாங்கிய அம்மா ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு, கீழே படிக்கட்டடியில் நின்று, தன்னுடையதை யாராவது கண்டதா என்று கேட்கிறார். நான் மேலே மேசைக்கு முன்னால் இருக்கிறேன். எழும்பிப் படியிறங்கினால், என் காலில் இருப்பது தெரிந்துவிடும்.